மூக்கில் வயர் தொங்கும் லாரி

கனடாவின் வின்னிபெக்கில் முதன்முறை லாரியை நிறுத்திய அன்று, அங்கே நின்ற கார்களின் மூக்கிலிருந்தெல்லாம் பிளக் வைத்த வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லாரும் மின்சாரக் கார் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாமக்கல் பக்கம் பிறந்து, அப்பாவின் லாரியில் கிளீனர் இருக்கையில் வளர்ந்தவன் நான். இன்ஜின் சூடாகும் என்பது எனக்குத் தெரியும். இன்ஜினை நாம்தான் சூடாக்க வேண்டிய ஊரும் உண்டு என்பது தெரியாது.

இப்போது ஆறு குளிர்காலங்கள் முடிந்துவிட்டன. ஒரே லாரி, 15 லிட்டர் டீசல் இன்ஜின். டொராண்டோ பக்கத்திலிருக்கும் பிராம்ப்டனிலிருந்து வின்னிபெக்குக்கு, ஒரு வழிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். சுப்பீரியர் ஏரிக்கரையில் 17-ஆம் நெடுஞ்சாலை பனிப்புயலால் மூடப்பட்டால், மேலே 11-ஆம் நெடுஞ்சாலையில் காப்பஸ்கேசிங், ஹேர்ஸ்ட் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஜனவரியில் இந்தப் பக்கம் மைனஸ் 35 சாதாரணம். மைனஸ் 40-உம் வரும். அந்தப் புள்ளியில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடுவதால் எந்த அளவில் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. குளிரைச் சமாளிக்க நான் வாங்கியதில் எது உழைத்தது, எது வீண் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் பாடம் வாங்கிய பொருளால் வரவில்லை, வாங்கிய டீசலால் வந்தது. முதல் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கிக்கு ஒரு லோடு. அங்கே டீசல் மலிவு. கை சும்மா இருக்குமா? இரண்டு டேங்கையும் வழிய நிரப்பிக்கொண்டு வந்தேன். பிராம்ப்டன் வந்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்படியே வின்னிபெக் லோடை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டேன். ஹேர்ஸ்டில் இரவு முழுக்க இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் மைனஸ் 36. அங்கிருந்து லாங்லாக் வரை இருநூறு கிலோமீட்டருக்குக் காடுதான். கைப்பேசிச் சிக்னலும் இல்லை. அறுபது கிலோமீட்டர் போனதும் ஒரு மேட்டில் லாரி இழுக்க மறுத்தது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்து, இருமி, நின்றுவிட்டது.

எதிரே வந்த ஒரு லாரிக்காரர் ஹேர்ஸ்ட் போய்ச் சொல்லி, அங்கிருந்து மெக்கானிக் வந்து சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கேபினுக்குள் என் மூச்சு கண்ணாடியில் உறைந்து படர்ந்திருந்தது. அவர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் எப்படி இருக்கும், அதே வெள்ளை, அதே வழவழப்பு. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்டர் முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. சும்மா நின்று ஓடும்போது இன்ஜினுக்கு டீசல் கொஞ்சம் போதும் என்பதால் இரவெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. மேட்டில் அதிகம் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பிறகு தொலைபேசியில் யாழ்ப்பாணத்து மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எங்கே எண்ணெய் அடித்தீர்?"

கனடாவில் டீசலைப் பருவத்துக்கும் பகுதிக்கும் ஏற்றபடி கலந்து விற்கிறார்கள். வடக்கே குளிர்காலத்தில் பம்பில் வருவது மெழுகு எளிதில் பிரியாத கலவை. தெற்கே விற்பது தெற்கின் குளிருக்கு மட்டும்தான் தாங்கும். அன்றிலிருந்து என் வழக்கம்: நவம்பர் தொடங்கிவிட்டால் தெற்கு டீசலை வடக்கே சுமந்து போவதில்லை. கால் டேங்கோடு வந்து, சட்பரி தாண்டியபின் நிரப்புகிறேன். லிட்டருக்குச் சில காசு கூடத்தான். அந்த மெக்கானிக்கின் பில்லைப் பார்த்தவனுக்கு அது காசாகவே தெரியாது.

டீசலில் ஊற்றும் மருந்து இரண்டு வகை. வெள்ளைப் பாட்டில் மெழுகு கட்டாமல் தடுப்பது, சிவப்புப் பாட்டில் கட்டியதைக் கரைப்பது. வெள்ளையை டீசல் இளகியிருக்கும்போதே, நிரப்புவதற்கு முன் டேங்கில் ஊற்றிவிட வேண்டும். மெழுகு பிரிந்தபின் ஊற்றினால் பணம்தான் கரையும். சிவப்புப் பாட்டில் ஒன்றும் புதிய ஃபில்டர்கள் இரண்டும் ஆறு ஆண்டாக இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன. பாட்டிலை இதுவரை திறக்க நேரவில்லை. ஆனாலும் இறக்கிவைக்க மனம் வரவில்லை.

இனி அந்த வயர். பிளாக் ஹீட்டர் என்பது இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றும் கூலண்ட் திரவத்துக்குள் முங்கியிருக்கும் ஒரு மின்கம்பி. வீட்டில் வாளியில் போடும் வாட்டர் ஹீட்டருக்குத் தம்பி என்று வையுங்கள். என்னுடையது 1,500 வாட். முதல் ஆண்டு இரவு முழுக்கச் செருகிவைத்தேன், அது வீண். மூன்று நான்கு மணி நேரத்துக்குமேல் இன்ஜினுக்குள் ஏறும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகிவிடுகின்றன. இப்போது டைமர் வைத்து, கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு ஓடவிடுகிறேன். 18 யூனிட் ஆன இடத்தில் ஆறு யூனிட். சாவியைத் திருப்பினால் சித்திரை மாதத்துக் காலைபோல உடனே பிடித்துக்கொள்கிறது. ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கைகாட்டுவேன்.

அதன் குறைகள் எல்லாம் வயரில்தான். 120 வோல்ட்டில் 1,500 வாட் என்றால் பன்னிரண்டரை ஆம்பியர். தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய நீட்டிப்பு வயரில் இணைத்தேன். பிளக் உருகி நாறியது. தடித்த வயர் வாங்கினேன். குளிருக்கென்று செய்யாததால் மைனஸ் 30-இல் மூங்கில் குச்சியாக விறைத்து, சுருட்டும்போது உறை வெடித்தது. மூன்றாவதாக வாங்கிய குளிர்தாங்கும் வயர் ஐந்து ஆண்டாக உழைக்கிறது. சாலையில் கொட்டும் உப்பு பிளக்கின் பித்தளையைத் தின்றுவிடும் என்பதால் மூடியும் கிரீஸும் கட்டாயம். ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் செலவே வேண்டாம். செருகியதும் இன்ஜின் பக்கம் காதை வைத்தால் இட்லிப் பானை கொதிப்பதற்கு முன் வருமே, அந்த மெல்லிய சீறல் கேட்கும். நான்காம் ஆண்டு அது கேட்கவில்லை. மல்டிமீட்டரில் 10 ஓம் அருகே காட்ட வேண்டியது எதையும் காட்டவில்லை. ஹீட்டரை மாற்றினேன்.

பிளக் இல்லாத இடத்தில் இரவு தங்க நேர்ந்தால்? முதல் இரண்டு குளிர்காலமும் இன்ஜினை ஓடவிட்டே தூங்கினேன். மணிக்குச் சுமார் மூன்று லிட்டர் டீசல் போகும். குறைந்த சூட்டில் ஓடும் இன்ஜின் புகைக்கரியை எரிக்காமல் புகைக்குழாயின் ஃபில்டரில் சேர்த்துவைக்கும். அதைச் சுத்தம் செய்யும் செலவு தனி. மூன்றாம் ஆண்டு, டீசலில் எரிந்து கூலண்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தினேன். மணிக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் குடிக்கிறது. விலை அதிகம், பொருத்தும் கூலி அதைவிட வயிற்றெரிச்சல். கோடையில் மறந்துவிட்டேன், நவம்பரில் உள்ளே கரி கட்டிப் பற்ற மறுத்தது. இப்போது ஜூலையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுகிறேன், சாமிக்கு விளக்கேற்றுவதுபோல. மைனஸ் 40 இரவில் மட்டும் இன்னமும் அதை முழுதாக நம்புவதில்லை. இன்ஜினையே சுற்று கூட்டி வைத்து ஓடவிடுகிறேன்.

ஆயிலில் நான் செய்த மாற்றம் 15W-40-இலிருந்து சிந்தெடிக் 5W-40. அந்த 'W'-க்கு முன்னால் இருக்கும் எண் குளிரைப் பற்றியது: 15W ஆயிலைக் குளிரில் சுற்றிப் பார்க்கும் சோதனை மைனஸ் 20-இல், 5W-க்கு மைனஸ் 30-இல். பழைய ஆயிலோடு ஒரு மைனஸ் 33 காலையில் அளவுக்கம்பியை உருவினேன். வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் கரண்டியிலிருந்து இறங்குமே, அப்படி இழுத்துக்கொண்டு வந்தது. அதைத்தான் பேரிங்குகளுக்குள் தள்ளச் சொல்கிறோம்.

பேட்டரி நான்கு. மைனஸ் 18-இல் அவற்றின் பலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும். இன்ஜினோ இரண்டு மடங்கு பிடிவாதம் பிடிக்கும். நான்கில் ஒன்று நோயாளி என்றாலும் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும். அக்டோபரில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கிறேன், மாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். என் வழித்தடத்துக்கு அது போதாது. அறுபதுக்கு நாற்பது வைத்திருக்கிறேன். புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் மைனஸ் 11-லேயே உறையும். பயப்பட ஒன்றுமில்லை, இன்ஜின் சூட்டில் தானே உருகும். டேங்கை விளிம்புவரை நிரப்பாமல் இருந்தால் போதும்.

குளிர்காற்று ரேடியேட்டரில் நேராக அடிக்காமல் தடுக்கும் முகப்பு மூடிக்கு முதலாண்டு அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகினேன். பார்க்கக் கேவலமாக இருந்ததோடு, முழுவதும் அடைத்துவிட்டதால் டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் சூடான காற்று குளிராமல் ஃபேன் ஓயாமல் சுற்றியது. நடுவே திறப்புள்ள துணிமூடி நல்ல பொருள். குளிர் குறைந்தால் கழற்ற மறக்கக் கூடாது.

யாரும் சொல்லித்தராத ஒன்று: இன்ஜினின் அடிப்பகுதி மூச்சுக்குழாய். உள்ளிருந்து வரும் ஈரக்காற்று குழாயின் நுனியில் உறைந்து உறைந்து மூடிவிடும். அழுத்தம் போக வழியில்லாமல் சீல்களைப் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளும். வைட் ரிவர் ஊரருகே ஒருநாள் கீழே குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் ஓட்டைதான் மிச்சம். கனடாவிலேயே குளிரான இடம் என்று மைனஸ் 72 ஃபாரன்ஹீட்டோடு பலகை வைத்திருக்கும் ஊர் அது. உண்மையான சாதனை 1947-இல் யூகானின் ஸ்நாக்கில் பதிவான மைனஸ் 63 செல்சியஸ். இருந்தாலும் அன்று அந்தப் பலகையோடு சண்டைபோட எனக்குத் தெம்பில்லை. குழாய்க்கு ஒரு நுரை உறை மாட்டியபின் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த ஆண்டு லாரியை மாற்றலாம் என்றிருக்கிறேன். இதில் வயர் இறங்குவது வலப்பக்கம், ஓட்டுநர் ஏறும்போது கண்ணில் படாத பக்கம். இரண்டு முறை பிளக்கைக் கழற்றாமலே கிளம்பி, ஒரு முறை கம்பத்திலிருந்த பெட்டியையே பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். புதிய லாரியின் விற்பனையாளரிடம் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் வயர் எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் கேட்கப்போகிறேன்.