ஆறு வருடம் பி3 ஆடிய பிறகு

போன ஞாயிறு மாலை, யாங்கோன் காளி கோவிலுக்குப் பக்கத்து டீக்கடையில் நான் தோற்ற செஸ் ஆட்டத்தைத் தம்பி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காய்களை எடுத்து அடுக்கும்போது கேட்டார்: "அண்ணே, நானும் உங்கள மாதிரி பி3 ஆட ஆரம்பிக்கலாமா?" பி3 என்றால் வெள்ளை தன் முதல் நகர்த்தலாக பி வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவது. அப்போது கோபத்தில் பதில் சொல்லவில்லை. கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

வெள்ளைக்கு முதல் நகர்த்தல் 20 விதமாக இருக்கலாம். பெரும்பாலானவர்கள் ராஜாவுக்கோ ராணிக்கோ முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் இ4, டி4 இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். நான் பி3-க்கு வந்த காரணம் எளிமையானது. பகலெல்லாம் கடை வேலை. இரவில் கரண்ட் இருந்தால்தான் போனில் எதையாவது படிக்க முடியும். இ4 ஆடினால் எதிராளி சிசிலியன், பிரெஞ்சு, காரோ-கான் என்று எந்தத் தடுப்பாட்டத்தை எடுத்தாலும் அதற்கொரு தனிப் படிப்பு வேண்டும். பி3-ல் பிஷப்பை பி2-ல் வைத்து, இ3 தள்ளி, என் வீட்டை நானே கட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் தாத்தா. அவர் பக்கத்து வீட்டு பர்மாக்காரரோடு சித்துயின் என்ற பர்மியச் சதுரங்கம் ஆடுவார். அதில் சிப்பாய்கள் பாதி மூன்றாம் வரிசையிலும் பாதி நான்காம் வரிசையிலும் முதலிலேயே நிற்கும். மற்ற காய்களை அவரவர் விருப்பப்படி பின்னால் அடுக்கிக்கொண்டுதான் சண்டை தொடங்கும். யானையை எங்கே நிறுத்துவது, ராஜாவை எங்கே ஒளிப்பது என்று தாத்தா ஒரு கோப்பை தேநீர் ஆறும் வரை யோசிப்பார். செஸ் பலகையில் அந்தச் சுகத்தில் கொஞ்சமாவது எனக்குக் கிடைத்தது பி3-ல்தான்.

பி2 பிஷப் தருகிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. 15, 20 நகர்த்தல் வரை அது மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். எதிராளி அதை மறந்தே போவார். நடுவில் ஒரு சிப்பாய் விலகியதும் நேராக ஜி7-ஐப் பார்க்கும், கோட்டை கட்டிய ராஜாவுக்கு மூச்சு முட்டும். இந்த ஒரு காய்க்காகவே பி3 ஆடலாம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சிப்பாய் விலகாவிட்டால்?

இங்கேதான் என் ஆறு வருடத் தகராறு. ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளையான என் நகர்த்தல், அடுத்து கறுப்பின் பதில்: 1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.இ3 குதிரை எஃப்6 4.பிஷப் பி5. அடுத்து சி6 குதிரையை வெட்டிவிட்டு இ5 சிப்பாயை எடுப்பேன் என்று மிரட்டுகிறேன். அதற்குக் கறுப்பு 4...பிஷப் டி6 என்று வைக்கிறார். பார்க்கவே அசிங்கமான நகர்த்தல். தன் டி7 சிப்பாயைத் தானே அடைத்துக்கொள்கிறார், சி8 பிஷப்புக்கும் வழியில்லை. செஸ் சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யாதே என்று சொல்வதைத்தான் செய்கிறார். ஆனாலும் இ5 அசைவதில்லை! என் அருமை பிஷப் அந்தச் சிப்பாயையே முறைத்துக்கொண்டு கிடக்கிறது. குதிரையை ஏ3 வழியாக சி4-க்குக் கொண்டுபோய் டி6 பிஷப்பைப் பிடிக்கலாமென்றால், அவர் குதிரையை ஏ5-ல் வைத்து சி4-க்குக் காவல் போடுகிறார். முதல் இரண்டு வருடம் இதை யாரும் ஆடவில்லை. இப்போது டீக்கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பையனுக்கும் இது தெரிகிறது. போன ஞாயிறு தோற்றதும் இதில்தான்.

பெரியவர்களையும் இந்தச் சிப்பாய் விட்டதில்லை. 1970-ல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில், முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன் அப்போதைய உலகச் சாம்பியன், சோவியத்தின் ஸ்பாஸ்கிக்கு எதிராக பி3 ஆடினார். மூன்றாவதாக சி4 என்று போனார். ஸ்பாஸ்கியின் இ5 சிப்பாய் நான்காவது நகர்த்தலில் இ4-க்கு ஏறியது. அப்புறம் ஒரு யானையை எச்1-ல் பலி கொடுத்து 17 நகர்த்தலில் முடித்துவிட்டார். பலர் இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டி பி3 மோசம் என்கிறார்கள். அது சரியில்லை. தவறு பின்னால் வந்தது, முதல் நகர்த்தலில் இல்லை. அதே வருடம் ஸ்பெயினின் பால்மா தொடரில் அமெரிக்காவின் ஃபிஷர் பி3 ஆடி பிரேசிலின் மெக்கிங்கை வென்றதை அவர்கள் சொல்வதே இல்லை.

சரி, தம்பிக்குப் பதில். வேண்டாம், இ4 ஆடுங்கள். நடுப்பலகையில் நேருக்கு நேர் நின்று அடிவாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டிய வயது உங்களுக்கு. நான் வருகிற ஞாயிறும் பி3-தான் ஆடப்போகிறேன். இந்த முறை பிஷப் டி6 வந்தால் குதிரையை ஏ3-க்குக் கொண்டுபோகமாட்டேன். ஜி4 தள்ளுவேன். ராணி டி1-ல் இருந்தே அதைக் காக்கிறது, அடுத்து ஜி5 வந்து அந்த எஃப்6 குதிரையை விரட்டும். மூன்று நாளாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதையேதான் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.