நீராவி வால்வு: தானியங்கியா, நியூமேட்டிக்கா?

சுடுநீர்த் தொட்டிக்குச் செல்லும் நீராவியைக் கட்டுப்படுத்தும் தானியங்கி வால்வுக்கு மின்சாரமோ அழுத்தக் காற்றோ தேவையில்லை. தொட்டியில் மூழ்கியிருக்கும் சென்சார் குமிழிலுள்ள திரவம் சூட்டில் விரிந்து, கேபிலரி என்னும் மெல்லிய குழாய் வழியாக வால்வை மூடுகிறது. ஆனால் அந்தக் குழாய் விரிசல் விட்டுத் திரவம் கசிந்தால் வால்வு திறந்தே நின்று நீர் கொதிக்கக்கூடும் என்பதால், நீராவியைத் தனியே நிறுத்தும் உச்சவெப்பப் பாதுகாப்பு இல்லாமல் இதைப் பொருத்தவே கூடாது.

அழுத்தக் காற்றால் இயங்கும் நியூமேட்டிக் வால்வில், காற்று நின்றதும் ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு கூடினாலும் என் தேர்வு இதுவே. இதன் பிடி100 சென்சாரை (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார்), தெர்மோவெல் எனப்படும், தொட்டிக்குள் நீளும் அடிமூடிய உறைக்குழாயின் அடியைத் தொடுமாறு செருகினால், தொட்டியை வடிக்காமலே கழற்றிச் சோதிக்கலாம்: மின்தடை 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் ஏறத்தாழ 138.5 ஓம் இருக்க வேண்டும்.

எந்த வால்வானாலும், கழற்றும் முன் நீராவி லைனை மூடிப் பூட்டி, அழுத்தம் முழுதும் இறங்கியதைக் கேஜில் உறுதிசெய்து, வால்வின் உடல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.