கிருஷ்ணகிரி பழையபேட்டை பிரவுசிங் சென்டர்: ஆஸ்திரேலியா சீசன் வேலைக்கு போக நெனைக்கறவங்க மொதல்ல இங்க போங்க

அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கறேன், குறை இருக்கு அதையும் கீழ சொல்றேன். வெளிய இருந்து பார்த்தா சாதாரண ஜெராக்ஸ் கடை தான், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், செவுத்துல பட்டா, வாரிசு சர்டிபிகேட், பான் கார்டுன்னு ரேட்டு எழுதி ஒட்டி இருக்கும். ஆனா கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்து பசங்க பொண்ணுங்க யாரா இருந்தாலும் வெளிநாட்டுக்கு சீசன் வேலைக்கு போகணும்னு ஆசை இருந்தா ஏஜென்ட் கிட்ட போறதுக்கு முன்னாடி இந்த கடை நடத்தற அக்கா கிட்ட ஒருவாட்டி உக்காந்து பேசிட்டு போங்க. அவங்க வேலை வாங்கி தரேன்னு சொல்லவே மாட்டாங்க, அதுக்காகத் தான் இவ்ளோ நம்பி எழுதறேன்.

விஷயம் என்னன்னா, ஆஸ்திரேலியாக்காரங்க 2024ல இந்தியாவுக்கு 462ன்னு ஒரு ஒர்க் அண்ட் ஹாலிடே விசா தொறந்தாங்க. 18 வயசுல இருந்து 30 வரைக்கும், வருஷத்துக்கு 1,000 பேரு, ஒரு வருஷம் தங்கலாம் வேலை செய்யலாம், ஆள் எடுக்கறது குலுக்கல் முறைல. அந்த அக்டோபர்ல பதிவு ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துலயே 40,000 பேரு பக்கம் போட்டுட்டாங்க. அப்ப தர்மபுரில ஒரு ஆபீஸ்ல, பேரு வேணாம், கண்ணாடி கதவு ஏசி எல்லாம் வச்சு ஜோரா இருக்கும், அங்க எங்க அப்பா கிட்ட "எங்களுக்கு கோட்டா இருக்கு சார், மூணு லட்சம் ஆகும், அம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க, பையன் பேரு கண்டிப்பா வரும்"னு சொல்லிட்டாங்க. அப்பாவும் அந்த வருஷம் தோப்பு குத்தகைக்கு விட்ட காசுல இருந்து எடுத்து கட்ட ரெடியா இருந்தாரு.

நான் மார்க் ஷீட் ஸ்கேன் பண்ண தான் இந்த கடைக்கு வந்தேன். எதுக்கு தம்பின்னு கேட்டாங்க, சொன்னேன். அக்கா ஸ்கேன் பண்றத நிறுத்திட்டு "குலுக்கல்னு அவங்களே சொல்றாங்க, குலுக்கலுக்கு எப்படிப்பா கோட்டா இருக்கும்"னு கேட்டாங்க. கேட்டதோட விடாம ஆஸ்திரேலியா கவர்மென்ட் சைட்ட தொறந்து மானிட்டர என் பக்கம் திருப்பி வச்சு, பதிவுக்கு 25 ஆஸ்திரேலியா டாலர், பேரு வந்தா விசாவுக்கு (2024 ரேட்டுல) 650 டாலர், நீயே போட்டுக்கலாம்னு ஒவ்வொரு வரியா விரல் வச்சு காட்டினாங்க. 25 டாலர்னா அப்ப நம்ம காசுக்கு ஆயிரத்தி நானூறு ரூவா பக்கம். அந்த நிமிஷமே அப்பாவுக்கு போன் போட்டு அட்வான்ஸ் கட்ட வேணாம்னு சொன்னேன்.

இன்னொரு விஷயம் இத எல்லாரும் கவனிக்கணும். பதிவுக்கு அந்த சைட்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்றப்ப என் ஈமெயில், என் நம்பர் தான் போட்டாங்க, பாஸ்வேர்டு போடற எடம் வந்ததும் கீபோர்ட என் முன்னாடி தள்ளிட்டு மூஞ்ச வாசப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க. "நீயே அடி தம்பி, எனக்கு தெரியக்கூடாது, எழுதியும் தராத"ன்னாங்க. சில ஏஜென்ட்ங்க அவங்க ஈமெயில்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பாஸ்வேர்ட கைல வச்சிக்கிறாங்க, பேரு வந்துச்சா வரலயான்னு கூட நமக்கு தெரியாது, வந்துட்டா அப்புறம் அவங்க கேக்கற காச குடுத்தா தான் லெட்டர காட்டுவாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு பையனுக்கு இப்படியே ஆச்சு.

எனக்கு குலுக்கல்ல பேரு வந்துச்சு. லெட்டர் வந்த நாள்ல இருந்து 28 நாளுக்குள்ள விசாவுக்கு போட்டாகணும், அதனால டிகிரி சர்டிபிகேட், ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை மார்க் (4.5 இருந்தா போதும்), 5,000 டாலர் கைல இருக்குன்னு பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வர டிக்கெட்டுக்கு காசு, எல்லாத்தையும் அக்கா ஒரு தாள்ல வரிசையா எழுதி தந்தாங்க. அந்த 5,000 டாலருக்கு நம்ம பக்கம் வட்டிக்கு பணத்த அக்கவுண்ட்ல போட்டு ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு திரும்ப எடுத்துக்கற ஆளுங்க இருக்காங்க. அத இவங்க கடைல பண்ண மாட்டாங்க, கேட்டா கோவம் வரும். "அந்த காசு அங்க போய் நீ சாப்பிட வேண்டிய காசு, வேலை கெடைக்கற வரைக்கும் எத வச்சு சாப்பிடுவ"ன்னு கேட்டாங்க. அங்க போனப்புறம் தான் அது எவ்ளோ சரின்னு புரிஞ்சுது, பணம் இல்லாம வந்த ஒரு பையன் முதல் வாரத்துலயே கெடைச்ச வேலைய கெடைச்ச கூலிக்கு ஒத்துக்க வேண்டியதா போச்சு.

கெளம்பறப்ப தந்த தாளு தான் இந்த கடையோட உண்மையான சர்வீஸ். போனதும் டிஎஃப்என்னு வரி நம்பர் வாங்கணும், அது ஃப்ரீ, யாருக்கும் காசு தராத. பேஸ்லிப் (சம்பள சீட்டு) இல்லாம வேலை செய்யாத. வேலைக்கு ஆள் கூட்டிட்டு போற கான்ட்ராக்டர் பேர கவர்மென்ட் லைசென்ஸ் லிஸ்ட்ல பாரு. சண்டை வந்தா 131 450ன்னு மொழிபெயர்ப்பு நம்பருக்கு அடிச்சு தமிழ்னு சொல்லு, நடுவுல பேசித்தர ஆள் போடுவாங்க. அவ்ளோ தான், ஒரு பக்கம். அத லேமினேட் பண்ணி குடுத்தாங்க.

நான் போனது குயின்ஸ்லாந்துல போவென்னு ஒரு ஊரு. மொதல்ல தக்காளி, குடமிளகாய், அப்புறம் நவம்பர்ல மாங்கா. அங்க ரோட்டோரமா 10 மீட்டர் உயரத்துக்கு மாம்பழம் செஞ்சு வச்சிருக்காங்க, அத பார்த்ததும் நம்ம ஊரு மாங்கனி கண்காட்சி ஞாபகம் வந்துடுச்சு. கென்சிங்டன் பிரைடுன்னு அவங்க ரகம், அந்த காலத்துல இந்தியாவுக்கு குதிரை ஏத்திட்டு போன கப்பல்காரங்க கொண்டு வந்த கொட்டைல இருந்து வந்ததுன்னு அங்க சொல்றாங்க. நம்ம பெங்களூரா, செந்தூரா எல்லாம் தொரட்டில வலை கட்டி காம்பு கொஞ்சம் விட்டு பறிப்போம்ல, அங்க நான் செஞ்ச தோட்டத்துல அப்படி இல்ல. மாங்கா பறிக்கற மெஷினோட தார்ப்பாய் மேல சோப்பு கலந்த தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும், அந்த தண்ணிக்கு அடில வச்சு தான் காம்ப ஒடிக்கணும், பால் பீச்சி பழத்து மேல பட்டா கருப்பா கோடு விழுந்து அந்த பழம் ரேட்டு போயிடும். நாம மாங்கா ஊர்க்காரங்க நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க, அங்க நாள் முழுக்க அந்த பால்லயே நிக்கணும், எனக்கு கண்ணு இமை வீங்கி கழுத்தெல்லாம் கொப்புளம் வந்துடுச்சு. முழுக்கை சட்டை, கையுறை கட்டாயம். சூடு வேற, பக்கத்துல கடல் இருக்கு ஆனா நவம்பர்ல இருந்து மே வரைக்கும் விஷ ஜெல்லிமீன் சீசன், சும்மா எறங்கி குளிக்க முடியாது.

இப்ப தாளுக்கு வரேன். முதல் சம்பளத்துல கான்ட்ராக்டர் எத்தன தொட்டி பறிச்சேன்னு மட்டும் போட்டு ஒரு தொகை போட்டிருந்தாரு, மணி கணக்கே இல்ல. அங்க 2022 ஏப்ரல் 28ல இருந்து தோட்ட வேலைல தொட்டி கணக்குல கூலி குடுத்தாலும் மணிக்கு இவ்ளோன்னு ஒரு குறைஞ்சபட்சத்துக்கு கீழ போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. நான் இருந்தப்ப, 2025 ஜூலைல இருந்து, நாட்டு பொதுவான குறைஞ்சபட்சமே மணிக்கு 24.95 டாலரா இருந்துச்சு, நிரந்தரமில்லாத கேஷுவல் ஆளுக்கு அதுக்கு மேல 25% சேத்து தரணும். எனக்கு வந்தது அதுல பாதி கூட இல்ல. நான் அந்த 131 450க்கு அடிச்சேன், தமிழ்ல ஒரு அம்மா லைன்ல வந்தாங்க, அவங்கள நடுவுல வச்சு அங்க கூலி சட்டத்த பாக்கற ஃபேர் ஒர்க்னு கவர்மென்ட் ஆபீஸ் கிட்ட பேசிட்டு, என்ன சொன்னாங்கன்னு கான்ட்ராக்டர் கிட்ட போய் மெதுவா சொன்னேன். அடுத்த வாரமே மணி கணக்கு போட்ட பேஸ்லிப் வந்துச்சு, பழைய பாக்கியும் வந்துச்சு. இன்னொரு கான்ட்ராக்டர் இன்னும் நெறைய தரேன்னு கூப்பிட்டாரு, குயின்ஸ்லாந்து லைசென்ஸ் லிஸ்ட்ல தேடினா அவரு பேரே இல்ல, போகல.

தங்கின ஹாஸ்டல் பத்தி தாள்ல ஒண்ணும் இல்ல, அதனால நானே சொல்றேன். வேலையும் பெட்டும் ஒரே எடத்துல தர ஒர்க்கிங் ஹாஸ்டல்ல வாரம் 200 டாலருக்கு மேல வாடகை, ஒரு ரூம்ல அடுக்கு கட்டில்ல எட்டு பேரு, மழை வந்து பறிப்பு நின்னுட்டாலும் வாடகை மட்டும் நிக்காது. வெளிய ரூம் பாக்கறேன்னு சொன்னா வேலைக்கு பேரு எழுத மாட்டாங்க. எட்டு பேருக்கு ஒரே அடுப்பு, ராத்திரி பத்து மணிக்கு தான் என் முறை வரும், நான் ராகி மாவு கொண்டு போயிருந்தேன், அங்க ஏர்போர்ட்ல சாப்பாட்டு பொருள் இருக்குன்னு அவங்க தர கார்டுல எழுதி காட்டினேன் விட்டுட்டாங்க, அந்த நேரத்துல களி கிண்டி பருப்போட சாப்பிட்டா தான் மறுநாள் அஞ்சு மணிக்கு எந்திரிக்க தெம்பு இருக்கும்.

இப்ப குறை. சூப்பர்னு நம்ம பிஎஃப் மாதிரி ஒண்ணு இருக்கு, முதலாளி சம்பளத்துக்கு மேல 12% கட்டணும். நாட்ட விட்டு வந்தப்புறம் அத எடுக்கலாம், ஆனா இந்த விசாவுல போனவங்களுக்கு அதுல 65% வரி பிடிச்சிடுவாங்க. இது அக்காவுக்கு தெரியல, தாள்ல இல்ல, நான் முழுசா வரும்னு கணக்கு போட்டு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். திரும்பி வந்து சொன்னப்ப ஒடனே பேனா எடுத்து மாஸ்டர் காப்பில எழுதிட்டாங்க, ஹாஸ்டல் வாடகை விஷயத்தையும் சேத்தே எழுதிக்கிட்டாங்க, இப்ப போறவங்களுக்கு அது கெடைக்கும். இன்னொரு குறை கடை ரொம்ப சின்னது, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம், மனு டைப் பண்ண கூட்டம் காலைலயே நிக்கும், அன்னிக்கு போனா உங்ககிட்ட பேச அவங்களுக்கு நேரமே இருக்காது.

காசு விஷயம், பதிவு பண்ணி குடுக்க எனக்கு வாங்கினது 150 ரூவா, விசா அப்ளிகேஷன் முழுசும் ஸ்கேன் அப்லோட் எல்லாம் சேத்து 800. டாலர் கட்டறதுக்கு நம்ம டெபிட் கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணி வச்சிட்டு போங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட், மார்க் ஷீட் எல்லாம் எடுத்துக்கோங்க, பாஸ்வேர்டு எழுதி வைக்க சொந்தமா ஒரு நோட்டு கொண்டு போங்க. செவ்வாய் புதன் மத்தியானம் மூணு மணிக்கு மேல போனா நிதானமா உக்கார வச்சு பேசுவாங்க, சனிக்கிழமை மத்தியானத்தோட கடை மூடிடுவாங்க.