பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்: ஃபிளாட் பெடலுக்கு ஷூ வாங்குவோர் கவனத்திற்கு

கோவையில் உள்ள ஒரு சைக்கிள் கடையில், மலைச் சைக்கிளின் ஃபிளாட் பெடலுக்கென்றே (காலைப் பூட்டிக்கொள்ளாத தட்டைப் பெடல்) செய்யப்பட்டது என்று சொல்லி எனக்கு 3,843 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஷூ, உண்மையில் நடைப்பயிற்சிக்கு அணியும் சாதாரண ஷூ. பெட்டியின் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிப் பொருளின் பெயரையும் விலையையும் மாற்றியிருந்தார்கள். இது தெரிய வந்தபோது என் வலது காலில் ஏழு தையல் போட்டாகிவிட்டது. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுவதும் அந்தக் கடையைச் சுற்றியே போய்விடும். இப்படி ஒரு ஸ்டிக்கரை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் ஒட்டிவிட முடியும் என்பதால், என்ன நடந்தது, நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் மலைச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். காலைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் முறை எனக்குச் சரிப்படவில்லை. வழுக்கும் இடத்தில் சட்டெனக் காலை எடுத்துத் தரையில் ஊன்ற வேண்டியிருப்பதால் ஃபிளாட் பெடலையே பயன்படுத்துகிறேன். சென்ற ஆகஸ்ட்டில் பழைய பிளாஸ்டிக் பெடலைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் பத்து இரும்புப் பின்கள் கொண்ட அலுமினியப் பெடலைப் பொருத்தினேன். நான்கு மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பின்கள் சோலில் பதிந்து பிடித்துக்கொள்வதால்தான் கால் நகராமல் நிற்கிறது. அதுவரை நான் அணிந்திருந்த ரன்னிங் ஷூவின் சோலை அவை ஒரே மாதத்தில் எலி கடித்ததுபோல் ஆக்கிவிட்டன. ஆகவே பெடலுக்கு ஏற்ற ஷூ ஒன்றைத் தேடினேன். அலுவலகத்துக்கும் அணிந்து செல்லும்படி சாதாரணத் தோற்றத்தில் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அந்த ஆசையில் தவறொன்றும் இல்லை, ஏனெனில் இந்த வகை ஷூக்கள் பிறந்ததே அப்படித்தான். 1966-இல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் தொடங்கப்பட்ட வேன்ஸ் நிறுவனத்தின் தட்டையான, கட்டம் கட்டமான ரப்பர் சோல், ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்குப் பிடித்துப்போய், பிறகு பிஎம்எக்ஸ் எனப்படும் சிறிய சாகசச் சைக்கிள் ஓட்டுபவர்களின் காலுக்கும் வந்தது. சார்லஸ் கோல் என்ற பாறையேற்ற வீரர் 1985-இல் தொடங்கிய ஃபைவ் டென் நிறுவனம், பாறையில் கால் வழுக்காமல் நிற்பதற்காக உருவாக்கிய ஸ்டெல்த் ரப்பரைப் பின்னாளில் மலைச் சைக்கிள் ஷூக்களுக்கும் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை 2011-இல் அடிடாஸ் வாங்கியது. மேலிருந்து பார்த்தால் கல்லூரி மாணவர் அணியும் ஷூ போலத்தான் இவை இருக்கும். வேறுபாடு முழுவதும் அடியில், ரப்பரின் தன்மையில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏமாற்றுக்கு இடம் கிடைத்ததும் அங்கேதான்.

கடைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில், ஃபிளாட் பெடலுக்கு ஏற்ற ஷூ இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். "இருக்குங்கண்ணா, எம்டிபி ஃபிளாட் பெடல் ஷூ, கிரிப் சோல்" என்ற பதிலோடு ஒரு படமும் வந்தது. எம்டிபி என்றால் மலைச் சைக்கிள். நேரில் சென்றபோது கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்து, ஷூவைக் கையில் தட்டிக் காட்டி, "ஊட்டி, வயநாடு போற ரைடர்ஸ் எல்லாம் இதைத்தான் எடுக்கறாங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றார். பெட்டியில் அதிகபட்ச விலை 5,490 என்றும், அதன் கீழே எம்டிபி ஃபிளாட் என்றும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. முப்பது சதவீதத் தள்ளுபடி என்றார்கள். பில் கேட்டபோது, மேலே "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட சீட்டில் "ஆக்சஸரீஸ் 1" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனமான காரியம், அதுவும் கையில் சில்லறை இல்லாத காரணத்தால் நேர்ந்தது.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் வழியே, தோட்டத்தாரின் அனுமதி பெற்று நான்கு பேர் இறங்கினோம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் நன்றாகவே பெய்யும். முந்தைய இரவும் பெய்திருந்தது. பாதை சிவந்த சேறாகவும், சில்வர் ஓக் மரங்களின் வேர்கள் அதன் குறுக்கே ஓடுவதாகவும் இருந்தது. இறக்கத்தில் இருக்கையை விட்டு எழுந்து, இரண்டு பெடல்களையும் கிடைமட்டமாக வைத்து நின்றபடி ஓட்டும்போது, உடலின் எடை முழுவதும் கால்கள் வழியாகத்தான் சைக்கிளுக்குப் போகிறது. மழைநீர் வடிவதற்காகப் பாதையின் குறுக்கே வெட்டியிருந்த ஒரு சிறு கால்வாயில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கி ஏறியபோது சைக்கிள் ஒரு முறை துள்ளியது, அவ்வளவுதான். வலது கால் பெடலிலிருந்து முன்னோக்கி வழுக்கி விழ, விசையோடு சுழன்று வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் மோதியது. காலுறையை இறக்கிப் பார்த்தபோது, சீப்பால் வாரியதுபோல் மூன்று இணைகோடுகள் இருந்தன. நடுக்கோட்டில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிறகு ரத்தம் வந்து அதை மூடியது. கோத்தகிரியிலேயே தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்பினார்கள்.

சேற்றையும் மழையையும் என் திறமைக் குறைவையும்தான் முதலில் நொந்துகொண்டேன். உடன் வந்தவர்களில் ஒருவர், அதே பெடல், அதே பாதை, என்னைவிட ஆறு மாதம் குறைந்த அனுபவம் உள்ளவர், ஒரு முறைகூட வழுக்கவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வீட்டில் ஓய்வாகக் கிடந்தபோது ஷூவைக் கழுவித் திருப்பிப் பார்த்தேன். முன்நுனியிலும் குதிகாலிலும் மட்டும் கறுப்பு ரப்பர் துண்டுகள் ஒட்டியிருந்தன. இரண்டுக்கும் இடையில், பெடல் வந்து அமரும் இடத்தில், ரப்பர் போலவே தோன்றும்படி கறுப்பு நிறத்தில் ஈவிஏ என்னும் மெத்தென்ற செயற்கை நுரை இருந்தது. ஒரே நாள் ஓட்டத்தில் பின்கள் அதைக் கீறிக் குழி பறித்திருந்தன. விரலால் தேய்த்தால் கறுப்புத் துகள் உதிர்ந்தது. பெட்டியைத் தேடி எடுத்து, அந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். அடியில் நிறுவனமே அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தது: ஆண்களுக்கான வாக்கிங் ஷூ, அதிகபட்ச விலை 2,299 ரூபாய். தள்ளுபடி போக நான் கொடுத்த தொகையே உண்மையான விலையைவிட 1,544 ரூபாய் அதிகம்.

நுரை ஏன் ஆகாது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பலர் மெத்தென்று இருக்கும் ஷூவே நல்ல ஷூ என்று எண்ணி வாங்குகிறார்கள். ஈவிஏ நுரை நடக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கி உடனே மேலே உந்தித் தரும்படி செய்யப்படுவது. பெடலில் நமக்கு அந்த உந்தல் ஆகாது. சைக்கிள் துள்ளும்போது காலும் சேர்ந்து துள்ளிப் பின்களை விட்டு மேலெழும்பிவிடும். நல்ல ஃபிளாட் பெடல் ரப்பர், அழுத்தினால் பின்னைச் சுற்றி உள்வாங்கி, மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் ஏ என்ற அளவுகோல் இருக்கிறது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது. எனினும் எந்தப் பெட்டியிலும் இந்த எண்ணை நான் பார்த்ததில்லை. சோலின் வடிவமும் முக்கியம். டிரெக்கிங் ஷூவின் ஆழமான பற்களைப் பார்த்து, இது மலையில் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். மண்ணில் பிடிக்கும், பெடலில் பிடிக்காது. பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சில பின்களும், பற்களின் உச்சியில் சில பின்களும் சிக்கி, கால் எங்கே நிற்கிறதென்றே தெரியாமல் ஆடும். பரந்த, தட்டையான, ஆழமற்ற கட்டங்கள் கொண்ட ரப்பர்தான் வேண்டும்.

படங்களோடு கடைக்குச் சென்றேன். அதே தம்பி, "கம்பெனியில இருந்தே அப்படித்தான் வருதுங்கண்ணா" என்றார். ஸ்டிக்கரைக் காட்டியதும் உரிமையாளர் வந்தார். பணம் திரும்பக் கிடையாது, வேறு ஷூ எடுத்துக்கொள்ளலாம், 1,200 ரூபாய் மட்டும் மேலே போட வேண்டும் என்றார். அவர் எடுத்துக் காட்டிய ஷூ உண்மையாகவே சைக்கிள் ஷூ. அதனால்தான் இன்னும் ஆபத்தானது. 1990-இல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த எஸ்பிடி என்னும் கிளிப் முறைக்கானது அது. பாதத்தின் முன்பகுதியில், சரியாகப் பின்கள் பிடிக்க வேண்டிய இடத்தில், கிளிப் பொருத்துவதற்கான இரண்டு நீண்ட துளைகளும், அவற்றை மூட ஒரு மூடியும் இருந்தன. சுற்றிலும் இருந்தது நகம் இறங்காத கடினமான பிளாஸ்டிக் சோல். "கிளிப்புக்கும் ஆகும், ஃபிளாட்டுக்கும் ஆகும், டூ இன் ஒன்" என்றார். இரும்புப் பின்னின் மேல் கடினப் பிளாஸ்டிக்கை வைத்தால் ஈரத்தில் என்ன ஆகும் என்பதை அறிய எனக்கு இன்னொரு ஏழு தையல் தேவைப்படவில்லை. மறுத்துவிட்டு வந்தேன்.

புகார் செய்யும்போதுதான் அந்த எஸ்டிமேட் சீட்டின் அருமை புரிந்தது. "ஆக்சஸரீஸ் 1" என்பது ஷூவா, மணியா, தண்ணீர்ப் பாட்டிலா என்று யாரும் சொல்ல முடியாது. என்னைக் காப்பாற்றியவை வாட்ஸ்அப் பதிலும், அதில் இருந்த படமும், அதே நாளைய யுபிஐ பதிவும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அவர்கள் புகாரை விற்பனையாளரிடம் எடுத்துச் செல்வார்களே தவிர, தீர்ப்பு வழங்குவதில்லை. அதிக பலன் தந்தது ஸ்டிக்கர் விஷயம். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச விலையைக் குறைப்பதற்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை அது மறைக்கக் கூடாது; விலையை ஏற்றுவதற்கு ஒட்டவே கூடாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. அந்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுதப் போவதாகக் கடைக்கு எழுத்தில் தெரிவித்த நான்காம் நாள், உரிமையாளரே அழைத்து 3,843 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். ஷூவைவிடப் பெட்டியைத் திரும்பப் பெறுவதிலேயே அவர் குறியாக இருந்தார். பெட்டியைக் கொடுக்கும் முன் இரண்டு ஸ்டிக்கர்களையும் பல கோணங்களில் படம் எடுத்து, அவற்றோடு தொழிலாளர் துறைக்கும் எழுதிவிட்டேன். மருத்துவச் செலவுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

காயம் ஆறிய பிறகு, ஒரு சோதனையாக, வீட்டில் கிடந்த வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு மண் மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகள் அணிவார்களே, அதுதான். நானூறு ரூபாய்கூட இருக்காது. அதன் தட்டை ரப்பர், 3,843 ரூபாய் ஷூவைவிடத் தெளிவாகப் பின்களைப் பிடித்தது. ஆனால் சோல் மெல்லியது என்பதால் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு பின்னையும் உள்ளங்காலால் எண்ண முடிந்தது, பாதத்தின் வளைவு வலித்தது. கடைசியில் வேறொரு கடையில் தடித்த ரப்பர் சோல் கொண்ட ஸ்கேட் வகை ஷூ வாங்கினேன். நனைந்தால் காய இரண்டு நாள் ஆகிறது, கல்லில் மோதினால் விரல் நுனிக்குப் பாதுகாப்பும் குறைவு. இருந்தும் கால் இருந்த இடத்தில் இருக்கிறது.

அதை வாங்கப் போகும்போது சைக்கிளின் வலது பெடலைக் கழற்றிப் பையில் எடுத்துச் சென்றேன். (இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை மறந்து ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்றுதான் வலது.) ஷூவைப் பெடலின் மேல் வைத்து, உள்ளே கையை விட்டுப் பாதத்தின் முன்பகுதி வரும் இடத்தில் அழுத்தியபடி பக்கவாட்டில் இழுத்தால், ஐந்து வினாடியில் தெரிந்துவிடுகிறது: நல்ல ரப்பர் பெடலையும் சேர்த்து இழுக்கும், நுரையும் பிளாஸ்டிக்கும் சறுக்கும். பெடல் கையில் இல்லாவிட்டால், கடைக் கண்ணாடி மேசையில் சோலை அழுத்தித் தள்ளிப் பார்க்கலாம். ரப்பர் தயங்கித் தயங்கி நகரும். சோலின் நடுப்பகுதி வரை ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஷூவை முறுக்க முடிந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். பெட்டியின் ஸ்டிக்கர் ஓரத்தைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் விரலுக்குத் தெரியும். பில்லில் ஷூவின் மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தரக் கடைக்காரர் தயங்கினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் நண்பர் ஒருவர் அதே கடைக்கு டியூப் வாங்கச் சென்றவர், கண்ணாடி அலமாரியைப் படம் எடுத்து அனுப்பினார். நான் திருப்பிக் கொடுத்த அதே மாடல், அதே நிறம் அங்கே இருக்கிறது. இந்த முறை ஸ்டிக்கரில் 4,990 என்று போட்டிருக்கிறார்கள்.