கும்பகோணத்தில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி: குறுவை நெல் அறுவடை முடிந்தபின் எழுதுகிறேன்

ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய தலைமைப் பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு 4,500 ரூபாய். மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் சிஇஓ. பணம் பங்குதாரர்களான உழவர்களுடையது என்பதால் யோசித்துத்தான் கட்டினேன். முடிந்த கையோடு எழுதியிருந்தால் நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது இரண்டரைதான்.

முதல் நாள் மதியம் நடந்த, காது கொடுத்துக் கேட்கும் பயிற்சி அருமை. எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடம் பேசுவார், நாம் வாயே திறக்கக் கூடாது. எங்கள் கூட்டங்களில் நான் எவ்வளவு குறுக்கே பேசுகிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறேன்.

இரண்டாம் நாள் முழுக்க ‘நீங்கள் நீங்களாக இருங்கள்’ என்பதுதான். மனதில் உள்ளதை மறைக்காதீர்கள், பயத்தையும் சொல்லுங்கள், நம்பிக்கை தானாக வரும் என்றார் பயிற்சியாளர். நானும் நம்பினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் உறுப்பினர்களின் நெல் அரசு கொள்முதல் நிலைய வாசலில் படுதாவுக்கு அடியில் கிடந்தது. 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். மிஷினில் 20க்கு மேல் காட்டியது. முப்பது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். “எனக்கே பயமாத்தான் இருக்கு, என்ன செய்யறதுன்னு தெரியல” என்றேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. பொழுது சாய்வதற்குள் பதினோரு பேர் வியாபாரியிடம் அவர் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பயம் எங்ககிட்டயே நெறைய கெடக்கு பாப்பா, நீ வேற கொண்டாந்து கொட்டாதே” என்றார்.

2022 குறுவையில் மத்திய அரசு ஈரப்பத வரம்பை 19 சதவீதம் வரை தளர்த்தியது எனக்குத் தெரியும். ஒரு அரவை மில்லில் உலர்த்தும் மிஷின் கிடைக்குமா என்று காலையிலேயே கேட்டும் வைத்திருந்தேன். அவையும் உண்மைகள்தானே? அவற்றை விட்டுவிட்டு என் வயிற்றுக் கலக்கத்தைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகுதான் ஹெர்மினியா இபாரா என்ற பேராசிரியர் 2015இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மருத்துவ நிறுவனம் ஒன்றில் பதவி உயர்வு பெற்ற ஒரு பெண்; அவருக்குக் கீழே இருந்தவர்கள் பத்து மடங்கானார்கள். இந்த வேலையைச் செய்ய விரும்புகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது, உதவுங்கள் என்று அவர் மனம் திறந்தார். அதனால் அவர் மீதான நம்பிக்கை குறைந்துதான் போனது. படிக்கும்போது கொள்முதல் நிலைய வாசல்தான் கண்முன் வந்தது. பயிற்சியில் இப்படி ஒரு பக்கம் இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் மனதை விட்டுப் போகவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த, களப்பணியில் இருக்கும் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “புது ஊருக்குப் போனா ‘எந்தத் தெரு’ன்னு கேக்கிறாங்க சார். அங்கேயும் நான் நானா இருக்கலாமா?” டெல்டாவில் அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். “தைரியமாகச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொன்ன பிறகு அந்த ஊரில் திண்ணையில் உட்காரச் சொல்வார்களா, குடிக்கத் தண்ணீர் தருவார்களா, மறுநாள் கூட்டத்துக்கு ஆள் வருமா என்பதையெல்லாம் அந்தப் பெண்தான் தனியாகப் பார்க்க வேண்டும். எவ்வளவு சொல்வது, யாரிடம் எப்போது சொல்வது என்று அவர் தினமும் கணக்குப் போட்டுத்தான் வேலை பார்க்கிறார். அதைப் போலித்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அன்று மேடையில் அவரைப் பேச விட்டிருந்தால் நாங்கள் கட்டிய பணத்துக்குப் பலன் கிடைத்திருக்கும்.

சாப்பாடு நன்றாக இருந்தது. கையேடு முழுக்க ஆங்கிலம், வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் புரட்டவே இல்லை. நடத்துகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன்: முதல் நாள் பயிற்சியை மட்டும் தனியாக, தமிழ்க் கையேட்டோடு, அறுவடை இல்லாத வைகாசியில் வையுங்கள் என்று. வைத்தால் எங்கள் களப் பணியாளர்கள் இரண்டு பேரை அனுப்புவேன்.