மொட்டை மாடி கராத்தேயா, மேட் போட்ட அகாடமியா?

பிள்ளையை கராத்தேயில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஸ்டைல் பெயரைத்தான். ஷோட்டோகானா, கோஜு ரியூவா, ஷிட்டோ ரியூவா என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அங்கே எதைக் குறிவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வகை. கார்ப்பரேஷன் மைதானத்திலோ பள்ளி வளாகத்திலோ யாராவது ஒருவரின் மொட்டை மாடியிலோ விடியற்காலையில் நடக்கும் பழைய பாணி கிளப் ஒன்று. மேட் விரித்து, கண்ணாடி மாட்டி, டோர்னமென்ட்டை மனதில் வைத்து நடத்தும் அகாடமி இன்னொன்று.

கிளப்பில் முதல் அரை மணி நேரம் கிஹோன்தான், அதாவது அடிப்படை அசைவுகள். இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் எண்ண எண்ண ஒரு குத்து, ஒரு தடுப்பு, ஒரு உதை. முன்காலை மடக்கி நீளமாக நிற்கும்போது பின்காலின் குதிகால் தானாகத் தூக்கிக்கொள்ளும், மாஸ்டர் பின்னால் வந்து தன் பாதத்தால் அதை அழுத்தித் தரையில் வைப்பார், அடுத்த அடி எடுத்து வைத்ததுமே அது மறுபடி தூக்கும். இப்படியே மாதக்கணக்கில் போகும். போரடிக்கும், மறுக்கவில்லை. சிமெண்ட் தரை என்றால் கால் பெருவிரல் தோலும் உரியும்.

இதனால் பொறுமை வளரும், ஒழுக்கம் வளரும் என்று நோட்டீஸில் போடுகிறார்கள். எனக்கு அந்த வாசகங்களில் நம்பிக்கை குறைவு. என்னை இந்த கிளப்புகள் பக்கம் இழுப்பது வேறு விஷயம்: ஒரே வரிசையில் எட்டு வயதுப் பையனும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிரவுன் பெல்ட் பெண்ணும், சர்க்கரைக்காக டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லி வந்து சேர்ந்த நாற்பத்தைந்து வயது அங்கிளும் நிற்பார்கள். அந்தப் பெண்தான் அங்கிளுக்குக் காட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர், சொல்லிக் கொடுக்கும். "அங்கிள், திரும்பும்போது முதலில் பாருங்க, அப்புறம் காலை எடுங்க" என்று. அவரும் குனிந்து வணங்கிவிட்டுக் கேட்டுக்கொள்வார். வயதைப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை, வயது வாரியாக பேட்ச் பிரிக்கும் அகாடமியில் நான் பார்க்கவில்லை.

ஆனால் "பாரம்பரியம்" என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். வரிசையாக நிற்க வைத்து எண்ணிக்கைக்குக் குத்தும் முறையே, இட்டோசு ஆன்கோ என்ற, ஜப்பானின் ஒக்கினாவா தீவைச் சேர்ந்த ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனபோது உருவானதுதான். இன்று மஞ்சள் பெல்ட்டுக்குச் செய்கிற ஹெயான் காட்டாக்களும் மாணவர்களுக்காக அவர் அமைத்தவையே. அதற்கு முன்பு ஒரு ஆசிரியரைச் சுற்றி இரண்டு மூன்று பேர், ஒரே காட்டா, வருடக்கணக்கில். வெள்ளை உடையும் பெல்ட்டும் ஜூடோவிடமிருந்து வந்தவை. ஷோட்டோகானை நிறுவிய ஃபுனாகோஷி முதல் கறுப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924இல். ஆக, ஏதோ ஆயிரம் வருட ரகசியம் என்று சொல்லி யாராவது ஃபீஸ் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அகாடமிக்கு வருவோம். அங்கே ஒரு நேர்மை உண்டு, எதிரில் ஆள் நிற்பான். காற்றில் பிரமாதமாகக் குத்துகிறவன், திருப்பி அடிக்க ஒருவன் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறானா இல்லையா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் உதைக்கு இரண்டு, தலையில் உதைக்கு மூன்று, எட்டுப் புள்ளி முன்னிலை எடுத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தூரம் கணிப்பது, நேரம் பார்த்து நுழைவது, தோற்றுவிட்டுக் கை குலுக்குவது எல்லாமே இதில் சீக்கிரம் வரும். பல மொட்டை மாடி கிளப்புகளில் வருடக்கணக்கில் காட்டா செய்தும் இது வருவதில்லை, ஏனென்றால் அந்த அசைவு எதற்கு என்று மாஸ்டரே விளக்குவதில்லை.

சிக்கல், புள்ளிக்காகவே பழகுவதில் இருக்கிறது. தொட்டவுடன் பின்வாங்கி நடுவரைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அதே சமயம், அடியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதியை இந்தப் போட்டிகள் லேசாக எடுத்துக்கொள்வதும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட்டில், 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதிப் போட்டியில் சவுதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் தலையில் விட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். ஹமேதி தகுதி நீக்கம், விழுந்தவருக்குத் தங்கம். அப்போது இதை எத்தனையோ பேர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. நிறுத்தத் தெரிந்த கை வேண்டும் என்று பழைய மாஸ்டர்கள் சொல்வதும் இதைத்தானே? அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் காட்டாவில் ஜெயித்த கியுனா ரியோ ஒக்கினாவாக்காரர், அங்கேயே ரியூயெய் ரியூ என்ற பாரம்பரிய ஸ்டைலில் வளர்ந்தவர். ஆக, இரண்டு பக்கமும் ஆட்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு இடையில் பெரிய சுவர் கிடையாது. 2024 பாரிஸில் கராத்தேயே இல்லை என்பதால், ஒலிம்பிக் கனவை விற்கும் அகாடமிகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

அடியை நிறுத்தாமல் நிஜமாகவே அடிக்கும் (ஃபுல் கான்டாக்ட்) கியோகுஷின் என்று மூன்றாவது வழியும் உண்டு. முகத்தில் கையால் குத்தக் கூடாது, மற்றபடி அடி அடிதான். அது கல்லூரி வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

என் கட்சி இதுதான்: பன்னிரண்டு வயது வரைக்கும், அப்புறம் முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கும் கிளப். நடுவில், போட்டி ஆசை உள்ள பிள்ளைக்கு அகாடமி, முடிந்தால் கிளப்பையும் விடாமல். இரண்டு பக்கமும் ஏமாற்று உண்டு, அது பெல்ட் டெஸ்ட்டில் பிடிபடும். இரண்டு மாதத்துக்கு ஒரு கலர், டெஸ்ட் ஃபீஸ், சர்டிஃபிகேட் ஃபீஸ், ஓடு உடைக்கும் விழாவுக்குத் தனி ஃபீஸ், ஒன்றரை வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று போனால் அது கடை. ஒழுங்காகப் போனால் கறுப்புக்கு நான்கைந்து வருடமாவது ஆகும். போன டெஸ்ட்டில் எத்தனை பேர் ஃபெயில் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். யாருமே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அட்மிஷன் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் விசாரியுங்கள்.