பன்றிக்குத் துவக்கா, மின்வேலியா? படுவான்கரை வயல்காரனின் ஒப்பீடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்களுக்குப் பன்றி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கதிர் பால்பிடிக்கும் நேரம் ஒரு கூட்டம் இறங்கினால், தின்றதைவிட மிதித்துப் புரட்டியதுதான் கூடுதலாகக் கிடக்கும். போகிற போக்கில் வரம்பையும் கிண்டி உடைத்துவிடும், வயலில் தண்ணீர் நிற்காது. மேட்டில் சோளன், மரவள்ளி, கச்சான் வைத்தவர் பாடு இன்னும் மோசம். எங்கள் வயல்கண்டத்தில் சிலர் துவக்கோடு காவல் இருக்கிறார்கள், சிலர் மின்வேலிக்கு மாறிவிட்டார்கள். நான் மாறியவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் துவக்கு இருந்த வீட்டில் வளர்ந்தவன், அதன் அருமையும் தெரியும்.

பயிர்க்காவலுக்கு நம் பக்கம் வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் துவக்குத்தான். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அந்த அலைச்சல் எல்லாருக்கும் தெரிந்ததே. தோட்டா விஷயத்தில்தான் பலர் கவனம் இல்லாமல் இருக்கிறார்கள். பன்றிக்குப் பெரிய சன்னம், அதாவது பெரிய ஈயக் குண்டு அடைத்த எஸ்.ஜி. தோட்டா என்பார்கள். அதில் ஒவ்வொரு சன்னமும் 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, அவுன்சுக்கு எட்டுச் சன்னம். 35 மீற்றர், மிஞ்சினால் 40 மீற்றருக்குள் நம்பி அடிக்கலாம். அதைத் தாண்டினால் சன்னம் விரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் பட்ட பன்றி பற்றைக்குள் போய்ப் படுக்கும், அதை விடியத் தேடிப் போகிறவருக்குத்தான் ஆபத்து. 4ஆம் நம்பர் போன்ற சிறு சன்னம் பன்றியைக் காயப்படுத்துமே தவிர விழுத்தாது. மறுபக்கம், குறி தவறிய எஸ்.ஜி. சன்னம் அரை கிலோமீற்றருக்கு மேலும் போகும். நம்முடைய வயல்வெளி மட்டமான தரை, சன்னத்தைத் தடுக்க ஒரு மண்மேடு கிடையாது. அந்தத் தூரத்துக்குள் எத்தனை காவல் வாடி, எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று இருட்டில் எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் என் மருமகன் கேட்டதையும் சொல்ல வேண்டும். "மாமா, அமெரிக்காவில ரைபிளுக்கு லேசான குண்டு போட்டு அடிக்கிறாங்க. தோட்டாவுக்கு வெடிமருந்தும் குண்டும் வீட்டிலயே அடைக்கிறாங்களாம். நம்மளும் அப்பிடிச் செய்தா என்ன?" அங்கே அது தரை அணில், நரி மாதிரியான கொயோட்டி போன்ற சிறு உயிர்களுக்கான ஏற்பாடு. .223 ரைபிளில் 40 முதல் 55 கிரெய்ன் எடையுள்ள குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் வேகத்தில் போய், பட்டவுடன் சிதறிவிடும். தெறித்து வேறெங்கும் போகாது என்பதற்காகவே மெல்லிய உறையோடு செய்த குண்டு அது. கடுவன் பன்றியின் தோள்பட்டைத் தோல் கேடயம்போலத் தடித்தது, அப்படிப்பட்ட குண்டு அதன் மேலோடே உடைந்து நின்றுவிடும். அதோடு, அனுமதி இல்லாமல் தோட்டா அடைப்பது நம் நாட்டில் குற்றம். அந்த யோசனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மின்வேலி என்று நான் சொல்வது சூரியத் தகட்டில் ஓடும் துடிப்பு வேலியை. 12 வோல்ட் பற்றரியில் இருந்து எனர்ஜைசர் என்ற பெட்டி செக்கனுக்கு ஒரு தடவை அளவில் ஒரு துடிப்பு அனுப்பும். வோல்ட் பல ஆயிரம், ஆனால் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் சுள்ளென்று அடித்து விட்டுவிடும், பிடித்து வைக்காது. வீட்டு 230 வோல்ட் கரண்டைக் கம்பியில் கொழுவுவது இதல்ல. அது ஆளையும் கொல்லும், மாட்டையும் கொல்லும், யானையையும் கொல்லும், சட்டப்படி குற்றமும் ஆகும். அதைச் செய்கிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை. பழத்துக்குள் வெடி வைக்கிற ஹக்கபட்டாசும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது.

இரண்டுக்கும் நடுவே எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. துவக்கின் வேலை இரா வேலை. ஆள் விழித்திருக்கும் நேரம் மட்டும்தான் அது காவல், கண்ணயர்ந்தால் வயல் திறந்து கிடக்கும். பெரும்போகத்தில் மழையிலும் பனியிலும் வாடியில் கிடந்து, விடிந்ததும் மறுபடி வயல்வேலைக்கு இறங்க ஒரு உடம்பால் எத்தனை நாள் முடியும்? மின்வேலியின் வேலை பகல் வேலை. ஆனால் அது லேசான வேலை என்று யாரும் நினைக்கக்கூடாது, அங்கேதான் பலருடைய வேலி தோற்கிறது.

பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையில் இருந்து 20, 25 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும், அடுத்தது 45 அளவில். பன்றியின் உடம்பு மயிரில் அடி ஏறாது, ஈர மூக்கில் பட்டால்தான் உறைக்கும், அதனால்தான் இந்த உயரம். ஆனால் அந்த உயரத்தில்தான் வரம்புப் புல்லும் கோரையும் கம்பியைத் தொடும். மழை பெய்து ஒரு கிழமை விட்டால் போதும், ஒவ்வொரு பச்சைத் தாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும். இரவில் கம்பியோரம் நடந்தால் புல் தொட்ட இடத்தில் "டிக், டிக்" என்று கேட்கும், சின்ன நீலப்பொறியும் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் மறுநாள் காலை கத்தியோடு போய்விட வேண்டும். எனர்ஜைசரில் இருந்து ஆகத் தூரமான மூலையில் மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். 4,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நான் வேலியை நம்பமாட்டேன்.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் மண் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும் வழி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் மூன்று கல்வனைஸ் கம்பி, ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் இடைவிட்டு இறக்க வேண்டும். பெரும்போகத்தில் ஈரமண், பிரச்சினை இல்லை. சிறுபோகத்தில் மேட்டுநிலம் காய்ந்துவிட்டால் பன்றியின் காலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், கம்பியைத் தொட்டாலும் உறைக்காது. எர்த் கம்பியடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். அதைவிட, கரண்ட் ஓடும் இரண்டு உயிர்க்கம்பிக்கு நடுவே ஒரு எர்த் கம்பியையும் இழுத்துவிட்டால் இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடி விழும். பக்கத்து வயல் பெரியப்பா முதலில், "மனே, இந்த நூல்க்கம்பிக்கா பன்றி பயப்படப்போகுது?" என்று கேட்டவர். வேலிக்கு வெளியே கம்பியோரம் மரவள்ளித் துண்டு போட்டு வைத்தேன். மணந்துகொண்டு வந்த பன்றி மூக்கில் வாங்கியது. அடுத்த போகம் அவரும் கம்பி இழுத்தார்.

துவக்கு வெல்கிற இடமும் உண்டு. வேலிக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட தனியன் பன்றி, அல்லது பற்றைக்காட்டுக்கு நடுவே கால் ஏக்கர் சோளன். அந்த அளவுக்குப் பெட்டியும் பற்றரியும் வாங்கிக் கட்டாது. எங்கள் கண்டத்தில் ஒரு துவக்கு யாரிடமாவது இருப்பதை நானும் விரும்புகிறேன்.

யானை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. எங்கள் பக்கம் அது கடந்துபோகிற யானைதான், உன்னிச்சை, லாகுகல பக்கம்போல நாள்தோறும் வருவதில்லை. கரண்ட் ஏறாத தந்தத்தால் தூணைச் சாய்க்கப் பழகிய யானைக்கு என் இரண்டு கம்பி எந்த மூலைக்கு? யானை ஆய்வாளர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் குழு விவசாயிகளோடு சேர்ந்து செய்துகாட்டிய முறை எனக்குச் சரியாகப் படுகிறது. முழு வயல்வெளியையும் சுற்றிப் போகத்துக்கு மட்டும் வேலி போட்டு, வெட்டு முடிந்ததும் கழற்றிவிடுவது. தனித்தனியே கட்டுவதைவிடச் செலவு பிரியும், புல்வெட்டும் பிரியும்.

குரங்குக்கும் மயிலுக்கும் என் வேலி ஒன்றும் செய்யாது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் அவற்றை எண்ணினார்களே, அந்தத் தொல்லைக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

வாங்குகிறவர் பெட்டியில் மிச்சம் பிடித்தாலும் இன்சுலேற்றரில் பிடிக்க வேண்டாம். வெயிலில் வெடிக்கிற மலிவுப் பிளாஸ்ரிக் தூணுக்குத் தூண் கரண்டைக் கசியவிடும். வெட்டு முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வையுங்கள். பற்றரியை மட்டும் மூலையில் போட்டுவிடாமல், மாதம் ஒருமுறையாவது சூரியத் தகட்டில் போட்டு நிறைத்து வையுங்கள். வெறுமையாகக் கிடந்த பற்றரி அடுத்த பெரும்போகத்துக்கு எழும்பாது.